இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பத்தேழு காலடி

சென்ற வியாழக்கிழமை மாலை நான்கு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு எங்கள் அவனியாபுரம் தெருமுனையில் பள்ளி வேன் வந்து நின்று, கதவு கரகரவென்று இழுபட்டு, டீசல் புகையும் காலையில் கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சோற்றின் புளித்த வாடையும் ஒன்றாக வெளியே வந்தன. அவற்றின் பின்னால் இரண்டு பிள்ளைகள் இறங்கினார்கள். நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகள் நிவேதா இறங்கவில்லை. வேன் ஓட்டும் முருகேசன் அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு என்னைவிட அதிகமாகத் திகைத்தார்.

"என்னக்கா இங்கன நிக்கிறீங்க? அம்மா ஸ்கூலுக்கு வாராங்க, அவங்களோட போறேன்னு சொல்லுச்சே பாப்பா."

"நான் எதுக்கண்ணே ஸ்கூலுக்கு வரப் போறேன்? அவ சொன்னா எனக்கு ஒரு போன் போட்டுக் கேக்க மாட்டீங்களா?"

"பாப்பா பொய் சொல்லும்னு யாருக்குக்கா தெரியும்," என்றார். எனக்கும் தெரியாதுதான்.

கப்பலூரில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் கணவருக்குப் போன் செய்தேன். பைக்கில் நேராகப் பள்ளிக்கே போவதாகச் சொல்லிவிட்டு, "நீ வீட்டை விட்டு நகராத. அவ வந்தா பூட்டுன கதவைப் பார்த்துட்டு நிக்கக் கூடாது," என்றார். அது நியாயம்தான். ஆனால் பிள்ளையைக் காணாத ஒருத்தியிடம் சும்மா இரு என்று சொல்வதுபோல எரிச்சலூட்டும் நியாயம் வேறு இல்லை. வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பள்ளிக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் லாரிகள் ஓடும் பைபாஸ் இருக்கிறது.

அடுத்து நிவேதாவின் கணக்கு மிஸ் ஷர்மிளாவைக் கூப்பிட்டேன். இருபத்தைந்து வயதுகூட ஆகாத பெண். நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் உடைந்துவிட்டது.

"ஐயோ மேடம், அந்த ஸ்டெப் எண்ணுற ஆக்டிவிட்டிக்காக நடந்தே கிளம்பிட்டாளோ? வேன்ல வார பிள்ளைங்களை வேன்ல இருந்து வீட்டு வாசல் வரைக்கும்தான் எண்ணச் சொன்னேன். பாடக்குறிப்புலயே எழுதி வெச்சிருக்கேன், போட்டோ எடுத்து அனுப்பவா?"

"பாடக்குறிப்பை வெச்சு நான் என்னம்மா செய்ய? இன்னைக்கு வகுப்புல என்ன நடந்துச்சு, அதச் சொல்லு."

தயங்கித் தயங்கிச் சொன்னாள். வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையில் எத்தனை காலடி என்று பிள்ளைகள் எண்ணி வந்ததை முந்தைய நாள் கரும்பலகையில் எழுதியிருக்கிறார்கள். நடந்து வருகிறவர்கள் அறுநூறு, தொள்ளாயிரம், ஆயிரத்து இருநூறு என்று சொல்ல, நிவேதா பதினாலு என்று சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. "உங்க வீட்டுக்குள்ளயே வேன் வந்துருமாடி?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். "நான் அதட்டினேன் மேடம். இன்னைக்கும் விடல. பதினாலு, பதினாலுன்னே கூப்பிட்டாங்க."

அனுப்ப வேண்டாம் என்று சொல்லியும் போட்டோ வந்தது. அழகான கையெழுத்து. தலைப்பு, கற்றல் விளைவு, முதலில் மதிப்பிடுதல், பிறகு எண்ணுதல், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காணுதல், நூறு அடிக்கு ஒரு கோடு போட்டு ஐந்தைந்து கோடாகக் கட்டுதல் என்று வரிசையாக எழுதி, ஓரத்தில் சிவப்பு மையால் வேன் பிள்ளைகளுக்கான குறிப்பும் போட்டிருந்தாள். அவள்மேல் கோபப்பட ஓர் எழுத்துகூட அந்தப் பக்கத்தில் இல்லை. எல்லாவற்றுக்கும் கீழே இன்னொரு வரி இருந்தது. "யோசனை தந்தவர்: நிவேதாவின் அம்மா."

ஆமாம், நான்தான் தந்தேன். பதினைந்து நாளைக்கு முன் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று அரை மணி நேரம் பேசியவள் நான். கணக்குச் செயல்பாடு என்ற பெயரில் இந்த வருடம் வீட்டுக்கு வந்து சேர்ந்தவற்றையெல்லாம் அடுக்கினேன். தெர்மாகோல் கடிகாரம் செய்து வா, ஐஸ்குச்சியில் முக்கோணம் ஒட்டி வா, பின்னத்துக்கு பீட்சா வெட்டி ஒட்டி வா என்று ராத்திரி எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வரும். நாங்கள் ஸ்டேஷனரிக் கடைக்கு ஓடுவோம். ஒட்டுவது நாங்கள், மதிப்பெண் பிள்ளைக்கு, பின்னம் யாருக்கும் விளங்காது. காசு செலவில்லாமல், கால் இருந்தால் போதும் என்கிற கணக்கு ஒன்றை நாங்கள் அந்தக் காலத்தில், இதே பள்ளியில், நாலாம் வகுப்பில் செய்தோம் என்று சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். ஷர்மிளா குறிப்பு எடுத்துக்கொண்டாள்.

நான் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் நாலாம் வகுப்பு ஆசிரியர் கணபதி சார். அவர் மேசையில் ரப்பர் வளையம் மாட்டிய குச்சிக் கட்டுகள் எப்போதும் இருக்கும். பத்துக் குச்சி ஒரு கட்டு, பத்துக் கட்டு ஒரு "பெரிய கட்டு". அந்த வருடம் மழைக்காலம் முடிகிற நேரத்தில் கல்வி அதிகாரியின் "இன்ஸ்பெக்சன்" வருகிறது என்று தகவல் வந்ததும் சார் வேறு ஆளாகிவிட்டார். மாதக் கணக்கில் எழுதாமல் விட்ட "நோட்ஸ் ஆஃப் லெசன்" என்ற பாடக்குறிப்பை மதியச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு எழுதினார். எங்கோ பயிற்சியில் கேட்ட செயல்பாடு ஒன்றை எங்களுக்குக் கொடுத்தார். வீட்டிலிருந்து பள்ளிக்கு எத்தனை காலடி என்று நாளைக்கே எண்ணி வர வேண்டும். அதிகாரி வரும்போது சுவரில் சார்ட் தொங்க வேண்டும். அவர் அதைச் செய்து பார்த்ததில்லை. ஒரு குழந்தையால் எத்தனை வரைக்கும் விடாமல் எண்ண முடியும், நடுவில் தப்பிப்போனால் என்ன செய்வது என்று அவர் எங்களுக்குச் சொல்லவும் இல்லை.

அப்போதும் நாங்கள் இதே வீட்டில்தான் இருந்தோம். மறுநாள் காலை மழை தூறியதால் அப்பா என்னை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போனார். நான் ஓர் அடிகூட எண்ணவில்லை. பாதி வழியில் என் வகுப்பு கஸ்தூரியைப் பார்த்தேன். தறி நெய்யும் சௌராஷ்டிரக் குடும்பம் அவளுடையது. பைபாஸுக்கு அந்தப் பக்கம் வீடு. தலையில் பையைக் கவிழ்த்துக்கொண்டு, குனிந்து, உதடுகள் முணுமுணுக்க நடந்து போய்க்கொண்டிருந்தாள். "கஸ்தூரி" என்று கத்தினேன். நிமிரவில்லை. கையை மட்டும் உயர்த்தி, பேசாதே என்று காட்டினாள்.

வகுப்பில் சார் ஒவ்வொருவராகக் கேட்டார். கஸ்தூரி எழுந்து, "மூவாயிரம் சார்," என்றாள்.

"மூவாயிரம்னா? மூவாயிரத்துச் சொச்சமா?"

"சரியா மூவாயிரம் சார்."

சார் சாக்பீஸை மேசையில் வைத்தார். "பாத்தீங்களாடா, இந்த அம்மாவுக்குக் கணக்கு முழுசா வந்து நின்னுருச்சு. நடந்தவ சொல்ற கணக்கா இது? படுத்துக்கிட்டே எண்ணுனியா?" வகுப்பு சிரித்தது. "எண்ணினேன் சார்" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். பெஞ்சின்மேல் ஏறி நிற்கச் சொன்னார், ஏறி நின்றாள்.

அடுத்தது நான். ஆயிரம், இரண்டாயிரம் என்று முழு எண் சொன்னால் பெஞ்சு என்பது அதற்குள் எனக்குப் புரிந்திருந்தது. "இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பத்தேழு சார்" என்றேன். எங்கிருந்து வந்தது அந்த எண் என்று இன்றுவரை தெரியாது. சாரின் முகம் மலர்ந்துவிட்டது. "இதுதான் எண்ணுனவ கணக்கு. அந்த நாப்பத்தேழைக் கவனிங்கடா," என்றார். சார்ட்டில் என் பெயரும் எண்ணும் சிவப்பில் ஏறின. அதிகாரி அதைப் பார்த்துத் தலையசைத்தார். கஸ்தூரி பெஞ்சின்மேல் நின்றபடி என்னைப் பார்த்தாள். சைக்கிளில் போனவள் நான் என்பது அவளுக்குத் தெரியும். அவள் எண்ணிக்கொண்டே நடந்தாள் என்பது எனக்கும் தெரியும். இருவருமே பேசவில்லை. ஆனால் இரண்டு மௌனமும் ஒன்றில்லை.

அந்த வருடக் கடைசியில் அவள் குடும்பம் பரமக்குடிக்குப் போய்விட்டது. அந்த எண் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. திருமணமான புதிதில் கணவரிடம் சொன்னேன், பெற்றோர் கூட்டத்தில் சொன்னேன், சாப்பாட்டு நேரத்தில் மகளிடம் எத்தனையோ தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் கஸ்தூரி, முழு எண்ணைச் சொல்லி மாட்டிக்கொண்ட ஒரு வேடிக்கைப் பெண்ணாகவே என் கதையில் வந்து போனாள். அந்த வியாழனுக்கு முந்தைய புதன்கிழமை மாலை, வகுப்பு சிரித்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், "அம்மா, நீ எம்புட்டு ஸ்டெப் நடந்த?" என்று நிவேதா மறுபடி கேட்டாள். நான் கீரை ஆய்ந்துகொண்டே, தலையைக்கூடத் தூக்காமல், நாற்பத்தேழில் ஓர் அழுத்தம் கொடுத்துச் சொன்னேன்.

ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்குக் கணவர் பள்ளி வாசலிலிருந்து பேசினார். வாட்ச்மேன் சொன்னாராம்: பாப்பா ஒரு தடவை இல்லை, மூன்று தடவை கேட்டைத் தொட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறது. முதல் தடவை பெட்ரோல் பங்க் வரைக்கும் போயிருக்கிறாள், அங்கே யாரோ ஒருவர் "எங்கம்மா தனியாப் போற?" என்று கேட்டதில் எண்ணிக்கை விட்டுப்போயிருக்கிறது. திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்கியிருக்கிறாள். இரண்டாவது தடவை டயர் கடைக்காரர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். மறுபடியும் பள்ளி கேட்டுக்கே வந்திருக்கிறாள். "மூணாவது தடவை, இனிமே யார் கேட்டாலும் பேசப் போறதில்ல தாத்தான்னு சொல்லிட்டுப் போச்சாம். நான் ரோட்டோரமாவே பார்த்துட்டு வாரேன்," என்று சொல்லிப் போனை வைத்தார்.

அதன்பிறகு அவர் போனை எடுக்கவில்லை. பத்துத் தடவைக்கு மேல் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது.

நாங்கள் நடந்தபோது அந்தச் சாலையில் என்ன இருந்தது, இப்போது என்ன இல்லை என்று நின்ற இடத்திலேயே மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கூட்டமாக நடந்த மண் ஓரம் இல்லை. அதன்மேல் கடைகளின் படிகள் ஏறிவிட்டன. லாரிகளின் பக்கம் என்னை விடாமல், அந்தப் பக்கத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சில நாள் கூட நடந்துவந்த அப்பா இல்லை. சார்ட் தொங்கிய அந்த ஓட்டுக் கட்டடமும் இல்லை. சாலையில் ஒரு பிள்ளையை நிறுத்தி விசாரிக்க இன்று ஆளில்லை என்று நான் எத்தனை பேரிடம் அங்கலாய்த்திருப்பேன். இரண்டு பேர் விசாரித்திருக்கிறார்கள். அந்த நல்ல மனிதர்கள் விசாரித்ததால்தான் என் பிள்ளை இந்நேரம் வீடு வந்து சேராமல், வெளிச்சம் மங்குகிற நேரத்தில், லாரிகளுக்கு நடுவே முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறாள். யாரைத் திட்டுவது? வேன் அண்ணனைத் திட்டிப் பார்த்தேன், ஷர்மிளாவைத் திட்டிப் பார்த்தேன், செத்துப்போன கணபதி சாரைக்கூட மனத்துக்குள் திட்டிப் பார்த்தேன். எங்கே சுற்றினாலும் அந்த நாற்பத்தேழிலேயே வந்து நின்றது.

ஐந்து மணி ஐம்பத்தோரு நிமிடம். தெருமுனையில் முதலில் தெரிந்தது கணவரின் பைக்தான். அவர் அதன்மேல் இல்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, லாரி வருகிற பக்கமாக அதைத் தள்ளிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டின்மேல் விரலை வைத்தார். அவருக்குப் பத்தடி முன்னால், குனிந்த தலையோடு, உதடுகள் முணுமுணுக்க நிவேதா வந்துகொண்டிருந்தாள். கால்சட்டை முழங்கால்வரை புழுதி. நான் ஓடப் போனேன். நிமிராமலே கையை உயர்த்தி, பேசாதே என்று காட்டினாள். நின்றுவிட்டேன். அந்தக் கையை நான் ஏற்கெனவே ஒரு தடவை, சைக்கிள் கேரியரிலிருந்து பார்த்திருக்கிறேன்.

கேட்டைத் தாண்டி, நடையைத் தாண்டி, வாசல்படியில் வலது காலை வைத்து நின்றாள். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, இடது முன்கையில் ஒரு குறுக்குக் கோடு இழுத்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை நீல மையில் பத்துக் கட்டுகள், நான்கு நான்கு கோடும் குறுக்கே ஒன்றுமாக. அவற்றுக்கு அடியில், எச்சில் தொட்டு அழித்த பழைய கோடுகளின் கறை. மூச்சு வாங்கிக்கொண்டு, "இப்பப் பேசலாம்மா," என்றாள்.

குனிந்து அவள் கால்சட்டைப் புழுதியைத் தட்டினேன். என் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். அழுகிற மாதிரி இருந்தது அவள் குரல்.

"ஐயாயிரம்மா. சரியா ஐயாயிரம். ஆனா முழுசா எழுதினா மிஸ் நம்ப மாட்டாங்கல்ல? ஐயாயிரத்து மூணுன்னு போட்டுக்கவா?"