தன் காரைத் தானே குறை சொன்னவர்

எங்கள் மாமாவுக்கு உண்மை பேசுகிறவர்களைக் கண்டால்தான் பயம். பொய் பேசுகிறவர்களைச் சுலபமாகச் சமாளித்துவிடுவார். சூளகிரி மண்டிக்குத் தக்காளியும் கொத்தமல்லியும் கொண்டுபோய்ப் பழகியவர். வியாபாரி சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு, மீதியில் பாதியை நம்பினால் போதும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு அவரைக் கைவிட்டது ஓசூரில், ஒரு பழைய காரின் முன்னால். அப்போது எனக்குப் பத்து வயது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அப்பாவுக்குப் போச்சம்பள்ளியில் கம்பெனி வேலை. அங்கேயே அறை எடுத்துத் தங்கி, லீவு கிடைக்கும்போது வந்து போவார். தாத்தா காலமான பிறகு அம்மாவும் மாமாவும்தான் விவசாயத்தைப் பார்த்துக்கொண்டார்கள். பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த எங்கள் நிலத்தில் ஒரு பகுதி தொழிற்பேட்டைக்குப் போனது. மாமாவுக்குப் பணம் வந்தது. ஊரில் பணம் வந்த மற்றவர்கள் மாடி கட்டினார்கள், ஓசூரில் மனை வாங்கினார்கள், மகளுக்குக் கல்யாணம் செய்தார்கள். மாமா மட்டும் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஐந்தாறு விநாடி போதும் என்கிற மாதிரி ஒரு கார் வேண்டும் என்றார். புதிது வாங்கக் கட்டாது, பழையதாகப் பார்த்து வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

அம்மாவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. மேலுமலை இறக்கத்தில் நசுங்கிக் கிடக்கும் கார்களை வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறவள். ஒரே தம்பி. கல்யாணம்கூட ஆகவில்லை. எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். கடைசியில், வாங்குவதற்கு முன் நானும் வந்து பார்ப்பேன் என்ற ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள்.

மாமா படித்தார். பத்தாம் வகுப்புக்குக்கூட அப்படிப் படித்திருக்க மாட்டார். போனில் வீடியோ போட்டுப் போட்டு, பழைய கார் வாங்குகிறவன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று மனப்பாடம் செய்தார். ஒப்பிக்க ஆள் வேண்டுமே, என்னைப் பிடித்துக்கொண்டார். எனக்கோ எதிலும் மூக்கை நுழைக்கும் குணம். என்ஜின் ஆறியிருக்கும்போதுதான் போய்ப் பார்க்க வேண்டுமாம். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் எதையோ ஒளிக்கிறார்கள் என்று அர்த்தம். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி படிந்திருந்தால் உள்ளே தண்ணீர் கலக்கிறது. டயரில் இருக்கும் நாலு இலக்க எண்ணில் முதல் இரண்டும் அது தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டும் வருடத்தையும் காட்டும். பிரேக் தட்டின் ஓரத்தை விரலால் தடவினால் வரப்பு மாதிரி தட்டக் கூடாது. கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள சந்து எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். கண்ணாடிகளில் பொறித்திருக்கும் வருடம் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மாறினால் வண்டி எங்கோ அடிபட்டிருக்கிறது.

இதையெல்லாம் நான் எங்கள் குட்டியானையில் வைத்துப் பழகினேன். குட்டியானை என்றால் காய்கறி ஏற்றும் எங்கள் சின்ன லோடு வண்டி. அதில் எந்தச் சோதனையும் தேறவில்லை. மாமாவின் பாடப்படி பார்த்தால் அதற்கு எப்போதோ காரியம் செய்திருக்க வேண்டும். ஆனாலும் அம்மா தினமும் விடியற்காலையில் அதை ஓட்டிக்கொண்டு மண்டிக்குப் போய்வந்தாள். மாமாவுக்குக் காலையில் எழுந்திருப்பது கொஞ்சம் கஷ்டம்.

கார் ஓசூரில் ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குட்டியானையிலேயே மூன்று பேரும் கிளம்பினோம். டீ குடிக்க நிறுத்திய இடத்தில் மாமா இறங்கியதும் அம்மா என் காதருகே குனிந்தாள்.

"பாப்பா, ஏதாச்சும் கோளாறு கண்ணுல பட்டா சத்தமா சொல்லு. மாமா மனசு கஷ்டப்படுமேன்னு பாக்காத."

அன்று எனக்கு இரண்டு முதலாளிகள். மாமாவுக்குக் கோளாறே இருக்கக் கூடாது, அம்மாவுக்குக் கோளாறு இருந்தே ஆக வேண்டும்.

கார்க்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வாலிபத்தில் ஓசூர் ஃபேக்டரிக்கு வந்து, பிறகு சொந்தமாகச் சின்னப் பட்டறை வைத்து, பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுத்தவர். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி. அவருக்கும் அந்தக் காருக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருந்தது. கார் அடர்நீலம், இரண்டே கதவு, தரையோடு தரையாகப் பதுங்கி நின்றது. நான் ஓடிப்போய் முன்மூடியில் கை வைத்தேன். சில்லென்று இருந்தது.

மாமா உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். என்ஜின் உறுமியதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. என்ஜின் சூடாவதற்கு முன்பே, நின்ற இடத்திலேயே ஆக்சிலேட்டரை ஓங்கி இரண்டு முறை மிதித்துச் சத்தம் கேட்டார். கார்க்காரர் தன்னையே யாரோ மிதித்தமாதிரி முகத்தைச் சுளித்தார். அதன் பிறகு அவர் வாய் திறந்தார். திறந்த வாயை மூடவே இல்லை.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் புகை வரும், பாத்துக்கிடுங்க என்றார். கிளட்ச் முக்கால்வாசி போயிற்று என்றார். டர்போ இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும் என்றார். பின்டயர் இரண்டும் பழசு, மழையில் வழுக்கும். ஒரு பாகம் போனால் பெங்களூரில்கூடக் கிடைக்காது, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். மாமா மனப்பாடம் செய்து வந்த கேள்வி ஒவ்வொன்றையும், கேட்பதற்கு முன்பே அவர் பதிலாகச் சொல்லிக்கொண்டு போனார். கடைசியாக, உங்கள் ஊர் வேகத்தடையில் வயிறு தட்டும், வண்டி ஊருக்குள்ளேயே போகாது என்றார். இதற்கு மட்டும் மாமாவிடம் பதில் இருந்தது. நெடுஞ்சாலையிலிருந்து எங்கள் வீடு வரைக்கும் இருந்த வேகத்தடைகளை என் பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்திருந்தோம். அதைச் சொன்னதும் கார்க்காரர் சோர்ந்துபோனார்.

நான் என் பங்குக்குக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். புகை வரவில்லை. ஆயில் மூடி சுத்தம். கண்ணாடி எல்லாம் ஒரே வருடம். பின்டயர்கள் போன வருடத்தவை. அவர் சொன்ன குறை ஒன்றைக்கூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மட்டமான பொருளை உசத்தி என்று சொல்கிறவர்களை மண்டியில் பார்த்திருக்கிறேன். உசத்தியான பொருளை மட்டம் என்று சொல்லி விற்கிற ஆளை அன்றுதான் பார்த்தேன்.

மாமாவின் முகம் வெளிறிவிட்டது. வீட்டில் நாங்கள் பேசுவது தமிழ்தான். ரகசியம் பேச மட்டும் தெலுங்கு. அம்மா பக்கம் திரும்பி, இந்த ஆள் இத்தனை சொல்கிறான் என்றால் இதைவிடப் பெரிதாக எதையோ மறைக்கிறான் என்று தெலுங்கில் முணுமுணுத்தார். மறைக்க ஒன்றுமில்லை தம்பி என்று கார்க்காரர் நெல்லை இழுவையோடு தெலுங்கிலேயே பதில் சொன்னார். ஓசூரில் முப்பது வருடம் பட்டறை நடத்தியவருக்குத் தெலுங்கு தெரியாமல் இருக்குமா என்று நாங்கள் யோசித்திருக்க வேண்டும்.

அந்த நேரத்தில் அவருடைய மனைவி அம்மாவை உள்ளே கூப்பிட்டார். நானும் ஒட்டிக்கொண்டு போனேன். காபி போட்டுக்கொண்டே அந்தம்மா விஷயத்தைச் சொன்னார். கார்க்காரருக்குக் கண்ணில் அழுத்த நோய். பக்கவாட்டுப் பார்வை போய்க்கொண்டே இருக்கிறது, இனிமேல் வண்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் விடிவதற்கு முன் திருட்டுத்தனமாக எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். போன வாரம் சைக்கிளில் வந்த பள்ளிக்கூடப் பையன் ஒருவன் நூலிழையில் தப்பினான். விளம்பரம் கொடுத்தது அந்தம்மாதான்.

"வந்தவுக எல்லாத்தையும் இவுகளே பேசிப் பேசி அனுப்பிட்டாவ. நீங்களாவது கொண்டு போயிருங்கம்மா."

அம்மா காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள். அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், மாமா பயந்துபோய்க் காரை விட்டுவிடுவார், தம்பி பிழைப்பான். வாயைத் திறந்தால் இந்தம்மாவின் புருஷனும் யாரோ ஒரு பையனும் பிழைப்பார்கள். வெளியே போய் மாமாகிட்ட சொல்லிடாத என்று என்னிடம் சொன்னாள்.

நாங்கள் வெளியே வந்தபோது கார்க்காரர் டிரைவர் கதவைத் திறந்துகொண்டிருந்தார். ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுவதாகச் சொன்னார். அந்தம்மா வாசற்படியில் நின்று அம்மாவைப் பார்த்தார்.

"நான் ஓட்டிப் பாக்கறங்க," என்றாள் அம்மா.

மாமா சிரித்துவிட்டார். ஆனால் அம்மா அதற்குள் உட்கார்ந்து சீட்டை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தாள். கார்க்காரர் இடப்பக்கம் ஏறினார். பின்சீட்டு என்ற பேரில் இருந்த இடத்தில் நானும் மாமாவும் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்தோம்.

வீடுகள் முடிந்து ரோஜாத் தோட்டக் கொட்டகைகள் வந்தன. ரோடு காலியாக இருந்தது. அம்மா மெதுவாகவே போனாள். அழுத்துக்கா, அழுத்துக்கா என்று மாமா பின்னாலிருந்து நச்சரித்தார். அவள் காதில் வாங்கவில்லை. எதிரே இருந்த ஒரு முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். அது என்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் என்று எனக்குத் தெரியும். குட்டியானை சூடாகாமல் லோடோடு மண்டி மேடு ஏறாது. அந்தப் பழக்கம். கார்க்காரர் ரோட்டைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முள் நடுவுக்கு வந்ததும் அம்மா கியரை ஒன்று குறைத்து அழுத்தினாள். என் தலை பின்னால் போய் மோதியது. மாமா முருகா என்றார். கொட்டகைகள் எல்லாம் ஒரே வெள்ளைக் கோடாக ஓடின. பின்னால் வருவதைப் பார்க்கிற கண்ணாடியில் அம்மாவின் முகம் தெரிந்தது. அவள் பயப்படுவாள் என்று நினைத்தேன். பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை நான் வீட்டில் பார்த்ததில்லை.

திரும்பி வந்து நிறுத்தியதும், டர்போ ஆறட்டும் என்று கார்க்காரர் சொல்ல, அம்மா என்ஜினை உடனே அணைக்காமல் கொஞ்சம் ஓடவிட்டாள். இறங்கியதும் மாமா அம்மாவைத் தனியாகத் தள்ளிக்கொண்டுபோய், அவன் என்ன மறைக்கிறான், கண்டுபிடித்தாயா என்றார். மறுபடியும் தெலுங்கில்தான். அம்மா எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னாள்.

"அவரு ஒண்ணும் மறைக்கலடா. வண்டி தங்கம். அவருக்கு விக்க மனசு வல்ல, அவ்ளோதான். நீ எடு."

கார்க்காரர் மறுக்கவில்லை. வண்டியில் ஏறியதிலிருந்தே அவர் ஒரு குறைகூடச் சொல்லியிருக்கவில்லை. உள்ளே போய் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துவந்தார். கையில் வைத்துத் தடவிக்கொண்டே அம்மாவிடம் கேட்டார்.

"ஒம் பேருக்குத்தானே தாயி மாத்தணும்?"

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. அம்மா பெயரில் காரா! அம்மாவும் சிரித்தாள். தம்பிக்குத்தாங்க என்றாள். கார்க்காரரும் அவர் மனைவியும் மட்டும் சிரிக்கவில்லை.

மனசு எப்படி மாறிச்சு என்று அன்று வழியில் அம்மாவைக் கேட்டேன். அந்தம்மா பாவம் என்றாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மாமாவுக்கு அந்தக் காரால் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு தீபாவளி ஓட்டினார், கல்யாணம் ஆனது, விற்றுவிட்டார். இன்று அவருக்குத் தொப்பை, எனக்கு வேலை. போன மாதம் எனக்காக ஒரு பழைய காரைப் பார்க்கப் போனபோது, கூட வந்த அம்மா நேராகப் போய் முன்மூடியில் கை வைத்துப் பார்த்தாள். அப்போதுதான் அவளிடம் அந்த நிலத்துப் பணத்தைப் பற்றிக் கேட்டேன். தாத்தா எழுதி வைக்காமல் போன நிலம் அது. சட்டப்படி பாதி அம்மாவுடையது. எங்கள் பக்கம் அக்கா தங்கைகளிடம் யாரும் கேட்பதில்லை, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, எடுத்துக் கொடுக்கும் பட்டுப்புடவையைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். மாமா கெட்டவர் இல்லை. அவருக்கும் அது தோன்றியிருக்காது. அம்மாகூட இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை.

அந்த நீலக் காரைப் பார்த்துவிட்டு வந்த அடுத்த ஞாயிறு, அதை எடுக்கப் போனபோது கார்க்காரர் சாவியை அம்மாவின் கையில்தான் வைத்தார். அம்மா அதை மாமாவிடம் கொடுத்தாள். நான் காரில்தான் வருவேன் என்று அடம் பிடித்தேன். போயிட்டு வா என்று அனுப்பிவிட்டு அவள் குட்டியானையில் ஏறினாள். நெடுஞ்சாலையில் அவளை முந்தியபோது நான் கை காட்டினேன், இன்னும் வேகமாகப் போகச் சொல்லி மாமாவை விரட்டினேன். வீட்டு வாசலில் ஊரே கூடியிருந்தது. ஆரத்தித் தட்டு தயாராக இருந்தது. சக்கரத்தடியில் வைக்க எலுமிச்சம்பழங்களைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த அம்மா ஏன்தான் இவ்வளவு மெதுவாக வருகிறாளோ என்று நான் சலித்துக்கொண்டு நின்றேன்.