லட்டு கொடுத்த பிறகும் வலிக்கிற இடுப்பு

இடுப்பில் ஆபரேஷன் செய்துகொண்டு, வலி போனதா இல்லையா என்று பார்ப்பதற்குள் எல்லாருக்கும் லட்டு கொடுத்த ஆளை நீங்கள் பார்த்ததுண்டா? நான்தான் அது. சின்னதாக ஓட்டை போட்டு, கேமரா விட்டு, மூட்டைச் சரிசெய்துவிட்டதாகச் சொன்னார்கள். லீவு முடிந்து கும்மிடிப்பூண்டி கம்பெனிக்குத் திரும்பிய அன்று, திருவள்ளூரில் கம்பெனி பஸ் ஏறியதுமே டப்பாவைத் திறந்துவிட்டேன். பைக் வாங்கினாலும் பிள்ளை பிறந்தாலும் எங்கள் பஸ்ஸில் லட்டுதான். புதுவாயல் வருவதற்குள் வலது இடுப்பில் அதே பழைய குத்தல். டப்பா காலி. இனி யாரிடம் போய்ச் சொல்வது?

ஆறு மாதம் ஆயிற்று. “சில பேருக்கு இப்படித்தான், பழகிக்கோங்க” என்றார் டாக்டர். பழகினேன். தாழ்வான சீட் ஆகாது. பஸ்ஸில் பாதி வழி கம்பியைப் பிடித்து நின்றபடியே வருவேன். வீட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டாயிற்று. காலை, மாலை உடற்பயிற்சி. ஆனால் கம்பெனியில் உற்பத்தி லைனில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே பாகங்களை அளந்து பார்க்கும் வேலை. டிரெய்னி வருஷம் முடியப்போகிறது. நிற்க முடியாதவனை யார் பர்மனென்ட் ஆக்குவார்கள்? வாயே திறக்கவில்லை.

போன வாரம் லைன் லீடர் அக்கா பிடித்துவிட்டார்.

“இன்னாடா, கொக்கு மாதிரி ஒத்தக் கால்ல நின்னுகினு கீற?”

“சும்மாக்கா.”

“இன்னா சும்மா? வலிக்குதா?”

“லைட்டா.”

“அப்பறம் இன்னாத்துக்குடா லட்டு குடுத்த? நான் வேற ரெண்டு துன்னேன்!”

சிரித்துவிட்டேன். சிரித்த வேகத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“வெளிய சொன்னா பர்மனென்ட் போயிடும்க்கா.”

“சொல்லாம லைன்லயே வுழுந்தா மட்டும் கூப்ட்டுக் குடுப்பாங்களா? டாக்டர் லெட்டர் எடுத்துகினு வா. ஒசரமா ஒரு ஸ்டூலு நான் கேக்குறேன். பர்மனென்ட் ஆவுமான்னு மட்டும் என்னாண்ட கேக்காத.”

லெட்டர் கொடுத்தேன். மூன்றாம் நாள் ஸ்டூல் வந்தது. முட்டியைவிட இடுப்பு மேலே இருப்பதால் குத்தல் பாதியாகிவிட்டது. முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நாலடி நடக்கிறேன், யாருக்கும் ஒளிக்காமல். அந்த லெட்டரின் ஒரு காப்பி எச்.ஆர். டேபிளிலும் இருக்கிறது.

பர்மனென்ட் லிஸ்ட்டை இன்னும் நோட்டீஸ் போர்டில் ஒட்டவில்லை.