பன்னிரண்டு மணி நேரப் பச்சைக் கட்டம்

திருப்பத்தூர் மலைமேல் இருக்கிற புதூர்நாட்டில் சின்னதம்பியைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும், "ஏரோப்ளேன் ஓட்டுறவரா?" என்று கேட்பார்கள். அவர் ஓட்டியதெல்லாம் பச்சைப் பென்சில். மெட்ராசில் ஒரு விமானக் கம்பெனி ஆபீசில், எந்த பைலட் எந்த நாளில் எந்த ஊருக்குப் பறக்க வேண்டும், எப்போது ஓய்வெடுக்க வேண்டும் என்று சார்ட் போடும் குமாஸ்தா வேலை. ஓய்வுக் கட்டங்களுக்குப் பச்சை அடிப்பார். பைலட்களைத் தூங்கச் சொல்வதுதான் தன் உத்தியோகம் என்று ஒருமுறை ஊரில் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். அதுக்கெல்லாமா சம்பளம் தர்றாங்க என்று அக்கா அம்மாக்கண்ணு கேட்டுவிட்டாள். அதற்கப்புறம் அவர் எதையும் திருத்தப் போகவில்லை. ஓட்டுகிறவராகவே இருந்துவிட்டார்.

அவருடைய பெருமையெல்லாம் அந்த சார்ட்தான். ஒரு மாதத்துக்கு ஒரு தாள். அதில் ரப்பர் பட்ட தடமே இருக்காது. மேனேஜர் அதை வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார். சின்னதம்பி பக்கத்தில் நின்று, பெண் பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளை நிற்கிற மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

எண்பத்திரண்டாம் வருஷம் மாசி மாதம் அந்த சார்ட்டுக்கு ஒரு சோதனை வந்தது. சின்னதம்பி ராத்திரி டியூட்டியில் இருந்தபோது, விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு கேப்டன் போன் செய்தார். அடுத்த வீட்டில் கல்யாணமாம், ராத்திரி முழுக்க லவுட் ஸ்பீக்கராம், கண்ணை மூடவே முடியவில்லையாம், டில்லிக்கு வேறு யாரையாவது அனுப்ப முடியுமா என்று கேட்டார். சின்னதம்பி சார்ட்டைப் பார்த்தார். மாலை ஆறு மணிக்கு இறங்கியிருக்கிறார், காலை ஆறு மணிக்கு வேலை. நடுவில் பச்சை பளிச்சென்று இருந்தது. வேறு ஆளைப் போட்டால் மாதக் கடைசி வரைக்கும் அழித்து எழுத வேண்டும்.

"உங்களுக்கு ரெஸ்ட் குடுத்தாச்சே சார். பன்னண்டு மணி நேரம்" என்றார்.

கேப்டன் சரி என்று போனை வைத்துவிட்டார். விமானம் போய்ச் சேர்ந்தது, திரும்பியும் வந்தது. கல்யாணப் பாட்டுக்காக ஒரு கேப்டன் டில்லி விமானத்தை நிறுத்தப் பார்த்தார் என்று சின்னதம்பி கேன்டீனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்த வாரமே புளி உலுக்க ஊருக்குக் கிளம்பினார். ராத்திரி ரயிலில் உட்கார இடமில்லை. கக்கூஸ் கதவோரம் நின்றபடியே திருப்பத்தூர் வந்து, ஜீப்பில் தொங்கிக்கொண்டு மலை ஏறினார். அக்காவின் பெரிய புளிய மரத்தடியில் சாக்குகளை விரித்து வைத்துவிட்டு எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேற்கே கறுத்திருந்தது. பழம் நனைந்தால் கறுத்துவிடும், வியாபாரி தொடமாட்டான். அக்காவுக்கு அந்த வருஷத்து வருமானமே அந்த மரம்தான்.

புளி உலுக்குவதில் அந்த ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏறுகிறவனை மரத்தடியில் நிற்கிறவர் ராத்திரி தூங்கினாயா என்று கேட்பார். காட்டுக்குக் காவல் இருந்தவன், கூத்துப் பார்த்தவன், பிள்ளைக்குக் காய்ச்சலென்று விழித்திருந்தவன், எவனாக இருந்தாலும் இல்லை என்று சொல்லிவிட்டுக் கீழே பழம் பொறுக்கப் போய்விடலாம். அதற்காக யாரும் கேலி பேசமாட்டார்கள். ஆனால் எவனாவது விழுந்துவிட்டால், அன்றைக்கு அந்த மரத்தில் வேறு யாரும் ஏறக்கூடாது.

அன்றைக்கு அக்கா புருஷன் வேடியப்பன், "கூத்துப் பாத்தேன், தூங்கல" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டார். ஏற இருந்தது பக்கத்து வீட்டுக் காசி ஒருவன்தான். சின்னதம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டினார். வேட்டிக்கு மேலே தொப்பை வந்து உட்கார்ந்தது.

"ராத்திரி தூங்கினியா?" என்றாள் அம்மாக்கண்ணு.

"ஒம்போது மணிக்கு ரயிலேறி நாலு மணிக்கு எறங்கனேன்க்கா. ஏழு மணி நேரம்."

"மணி இன்னாத்துக்குடா எனக்கு? தூங்கினியா?"

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. தூங்கினேன் என்றார். ஏறினார்.

நான்கு கிளை நன்றாகத்தான் உலுக்கினார். ஐந்தாவது கிளையில் மூச்சு வாங்க ஒரு கவட்டையில் சாய்ந்தார். காற்று ஜில்லென்று வந்தது. ஒரு நிமிஷம் கண்ணை மூடலாம் என்று நினைத்தது வரைக்கும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது, கீழே குவித்திருந்த புளியின் மேல் அவர் மல்லாந்து கிடந்ததும், அவருடைய வேட்டி மேலே கிளையில் மாட்டிக்கொண்டு ஆடியதும்தான். கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. மற்றபடி ஒன்றுமில்லை.

வழக்கப்படி, இன்னொரு கிளையில் இருந்த காசியும் இறங்கிவிட்டான். பாதி மரத்துப் பழம் அப்படியே நின்றது. சாயங்காலம் மழை கொட்டியது. புளி நனைந்தது, யாரும் ஏறி எடுக்க முடியாத வேட்டியும் நனைந்தது. விமானம் ஓட்டுகிறவரின் வேட்டி மறுநாள் காலை வரைக்கும் ஊருக்கெல்லாம் தெரிய மரத்தில் தொங்கியது.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவர் காலுக்குப் பற்றுப் போட்டுக்கொண்டே, "தூங்கலன்னு சொல்லி இருந்தா யார்ரா உன்னப் பாத்து சிரிச்சிருப்பாங்க?" என்று மட்டும் கேட்டாள். சின்னதம்பிக்கு அழுகை வந்துவிட்டது. கால் வலிக்கிறது என்று சொல்லிச் சமாளித்தார்.

லீவு முடிந்து நொண்டிக்கொண்டே ஆபீசுக்குப் போனார். மூன்றாம் நாள் அந்தக் கேப்டன் கையெழுத்துப் போட வந்தார். சின்னதம்பி எழுந்து நின்றார். அன்றைக்கு டில்லி போகும்போது தூக்கம் வந்ததா சார் என்று மெதுவாகக் கேட்டார்.

கேப்டன் பேனாவை மூடினார். "நாக்பூருக்கு மேல போயிட்டிருந்தோம். திடீர்னு கண்ணைத் தொறந்தேன். எவ்வளவு நேரம் தூங்கினேன்னு தெரியலை. கோ பைலட்கிட்ட கேக்கலாம்னு திரும்பினேன். அவரும் தூங்கிட்டிருந்தார்."

"ஏன் சார் யார்கிட்டயும் சொல்லலை?"

"உங்ககிட்டதானே சொன்னேன்."

அவர் போன பிறகு சின்னதம்பி உட்கார்ந்து, அந்த மாதத்து சார்ட்டைப் பிரித்து வைத்து, ஒவ்வொரு பைலட்டுக்கும் போன் செய்து தூங்கினீர்களா என்று கேட்க ஆரம்பித்தார். மூன்றாவது ஆள் இல்லை என்றார். சின்னதம்பியிடம் ரப்பர் இல்லை. பக்கத்து மேஜையில் கடன் வாங்கினார்.