அரைக்கண் தூக்கம்

என் கணவரின் கண்ணைக் கெடுத்தது நான்தான். ஒரே ஒரு பொய் சொன்னேன், அது போதுமானதாக இருந்தது!

உங்களிடம் சொல்லிவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

உடுமலைப்பேட்டைப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு. வயதாக ஆக அவருடைய மேல் இமைகள் தொங்கிப்போய்ப் பார்வையை மறைத்தன. குலை முற்றியதா என்று பார்க்க, இமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நிற்பார். சிரிப்பாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும். ஆனால் நான் கவலைப்பட்டது அதற்காகவா? மகளின் நிச்சயதார்த்தப் படங்கள் அத்தனையிலும் மனிதர் தூங்கி வழிந்தார். சம்பந்தி வீட்டார் கேலி செய்தார்கள். கல்யாணத்துக்குள் சரிசெய்தே தீரவேண்டும் என்று கோயமுத்தூருக்கு இழுத்துப்போனேன்.

தொங்கும் தோலை வெட்டித் தைத்துவிடலாம் என்றார் டாக்டர். தூங்கும்போது கண் முழுதாக மூடுமா என்றும் கேட்டார். மூடாதென்றால் முதலில் கண் வறட்சிக்கு மருந்து போட்டுப் பார்க்க வேண்டும், ஆபரேஷனைத் தள்ளிவைக்க வேண்டும், தோலையும் குறைவாகத்தான் எடுக்க முடியும் என்றார்.

"தூங்கறவனுக்கு எப்படிங்க தெரியும்? அம்மணியைக் கேளுங்க" என்றார் இவர்.

எனக்குத் தெரியாதா? கல்யாணமான புதிதில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் அரைக்கண் திறந்தபடி படுத்திருந்தவரை விழித்திருக்கிறார் என்று நம்பி, என் பிறந்த வீட்டுக் கதை முழுவதும் சொல்லி முடித்தேனே! குறட்டை வந்த பிறகல்லவா புரிந்தது. எனக்கு மட்டுமே தெரிந்த விஷயம் அது...

"நல்லா மூடிக்குதுங்க" என்றேன்.

கல்யாணப் படங்களில் ராஜா மாதிரி இருக்கிறார். அண்ணாந்தால் குலையும் தெரிகிறது. ஆனால் தூக்கத்தில் இமை முன்னைவிட அகலமாகத் திறந்துகொண்டது. கருவிழி காய்ந்து காய்ந்து புண்ணானது. புண் ஆறியும் வலது கண்ணில் தழும்பு நின்றுவிட்டது. கண்ணாடி மாற்றியும் அந்தக் கண்ணுக்கு என் முகம் கலங்கலாகத்தான் தெரிகிறதாம்.

முன்பே இப்படித்தான் தூங்குவாரா என்று டாக்டர் மறுபடி கேட்டபோது இவர் முந்திக்கொண்டார். "அதெல்லாம் இல்லீங்க. அம்மணி அப்பவே சொல்லிப்போட்டாளே."

நான் தலையாட்டினேன். எப்படித்தான் ஆட்டினேனோ...

இப்போது அவர் படுக்கும்போதெல்லாம் களிம்பு போட்டு, இமையை மூடிப் பிளாஸ்திரி ஒட்டுவது என் வேலை. குழந்தை மாதிரி முகத்தைக் காட்டுவார். அந்த முகத்தின்மேல் எனக்கு அத்தனை பிரியம். படத்தில் அது அழகாக விழவேண்டும் என்ற ஆசையில்தான் செய்தேன் என்று சொன்னால், நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?

நேற்று மத்தியானம் இரண்டு கண்ணையும் ஒட்டியபின், அவர் பார்க்கமாட்டார் என்ற தைரியத்தில், "ஏனுங்க..." என்று ஆரம்பித்தேன்.

"சொல்லு அம்மணி. கண்ணு மூடியிருந்தாலும் முழிச்சுட்டுத்தான் இருக்கறேன்."

"ஒண்ணுமில்லீங்க. தூங்குங்க."

என் கையைத் துழாவிப் பிடித்துக்கொண்டார். அவர் தூங்கிப்போன பிறகும் அதை விடுவித்துக்கொள்ள எனக்குத் துணிவு வரவில்லை.