பகலில் பூட்டிக் கிடந்த வீடு

உடல் இயலாதவர்களை வீட்டுக்குப் போய்ப் பராமரிக்கும் பெண்களுக்கு அரசாங்கக் காசில் சம்பளம் போடுவதுதான் கிளிநொச்சியில் எனக்கு வேலை. எந்த வீட்டுக்குப் போனோம், என்ன செய்தோம் என்று எழுதி, நோயாளியிடம் கையெழுத்து வாங்கி, மாத முடிவில் கொண்டுவந்து தருவார்கள். நான் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். இந்தக் கதிரைக்கு வந்த பிறகு யாரையும் நம்புவது எனக்குக் கஷ்டமாகிவிட்டது. மாதம் முழுவதும் ஒரே பேனையால் எழுதியிருந்தால், ஒரே இருப்பில் இருந்து எழுதியது என்று நினைப்பேன். பேனை மாறியிருந்தால், எனக்காகவே மாற்றியிருக்கிறாள் என்று நினைப்பேன்.

ஒருநாள் காலை ஒருவர் தொலைபேசியில் பேசினார். பெயர் சொல்லவில்லை. இரண்டு சொல்லுக்கு ஒருதரம் தொண்டையைச் செருமினார். பரந்தனில் இடுப்புக்குக் கீழே இயங்காத ஒரு பெண்ணைப் பராமரிக்கப் போகிறவள், பகலில் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஒரு தையல் கடையில் நிற்கிறாளாம்.

"நீங்கள் அவவுக்குச் சம்பளம் போடுறியள்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பராமரிக்கப் போகிறவள் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பத்துப் பெண். அதிகம் கதைக்கமாட்டாள். சம்பளம் பிந்தினாலும் கேட்டு வந்ததில்லை. அதுவரை நல்ல குணமாகத் தெரிந்த அந்த அமைதி, அன்று வேறு மாதிரித் தெரிந்தது.

யாருக்கும் சொல்லாமல் ஸ்கூட்டியில் பரந்தனுக்குப் போனேன். வீட்டுக் கதவில் வெளிப்பக்கமாகப் பூட்டு. கூப்பிட்டேன், பின்பக்கம் போய் யன்னலில் தட்டினேன். சத்தமே இல்லை. எழும்ப முடியாத ஒருத்தியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறாளோ என்று பயந்தேன். நேரே கடைக்குப் போனேன்.

அவள் வாசலில் துணி மடித்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது.

"இது உங்கட வேலை நேரம். அந்தப் பிள்ளையை உள்ளுக்கு விட்டுப் பூட்டிப்போட்டோ வந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

அவள் கடைக்குள் தொங்கிய சீலையை விலக்கினாள். அங்கே அந்தப் பெண் சில்லுக்கதிரையில் இருந்து சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். மின் தையல் மெசினின் காலால் மிதிக்கும் கட்டையை மேசையில் வைத்து முழங்கையால் அழுத்தினாள்.

"அவவை ஏசாதேங்கோ, மிஸ். என்னை இங்க கூட்டிக்கொண்டு வரச் சொன்னது நான்," என்றாள்.

வீட்டில் வைத்துப் பராமரிக்கத்தான் சம்பளம் என்று நான் சொன்னேன்.

"எனக்கு மூத்திரப் பை மாத்துறது அவாதான். புண் வராமல் என்னைத் தூக்கித் தூக்கி இருத்துறதும் அவாதான். கடையில செய்தால் அது பராமரிப்பில்லையோ?"

ஏன் அறிவிக்கவில்லை என்று மட்டும் கேட்டேன். அறிவித்தால் ஆளை நிப்பாட்டிவிடுவீர்கள் என்று பயம் என்று சில்லுக்கதிரையில் இருந்தவளே சொன்னாள்.

சில நாளில் சில்லுக்கதிரைப் பெண்ணின் தமையன் நான் வேலை செய்யும் கந்தோருக்கு வந்தார். தங்கைக்குத் தன் மனைவியைப் பராமரிப்பாளராகப் போடவேண்டும் என்றார். சொல்லும்போதே இரண்டுதரம் செருமினார். இடம் காலியில்லை என்றேன்.

"ஏன், நீங்கள் பரந்தனுக்குப் போய்ப் பாக்கேல்லையோ?"

"நான் அங்க போகவேணும் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது, அண்ணை?"

அவர் திரும்பவும் செருமினார். பிறகு எழுந்து போய்விட்டார். மனைவிக்குச் சம்பளம் கிடைப்பதைவிட, தங்கை வீட்டில் முடங்கிக் கிடப்பதில் அவருக்கு வேறு என்ன லாபம் என்று அன்று முழுவதும் யோசித்தேன். அதை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

கடையையும் பராமரிப்பு இடமாக ஏற்கவேண்டும் என்று மேலதிகாரிக்கு எழுதினேன். அவரும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார், அவர்கள் எனக்குச் சொந்தமா என்று கேட்டார். வைத்தியரின் கடிதம் வாங்கிக் கொடுத்த பிறகு ஒப்பமிட்டார். சம்பளம் நிற்கவில்லை.

போன மாதம் ஒரு சட்டைத் துணியோடு அந்தக் கடைக்குப் போனேன். என்னைக் கண்டதும் தையல் நின்றது. பராமரிக்கிறவள் ஓடிவந்து கதிரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். துணியை நீட்டினேன். பராமரிக்கிறவள் நாடாவால் என்னை அளந்தாள், சில்லுக்கதிரையில் இருந்த பெண் அளவுகளை எழுதிக்கொண்டாள்.

"தைக்கத் தர மட்டும்தானே வந்தனீங்கள், மிஸ்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஓம்," என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.