தீப்பெட்டி இல்லாத குடிசை

லியாண்டர் பார்டி நல்ல மனிதன்தான்; ஆனால் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். லாப்ரடார் பனிக்காட்டில் பொறி வைத்து நரி பிடித்துப் பிழைத்தவன். ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவழியில் ஒரு மரக்குடிசை கட்டியிருந்தான். நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஆனால் அது இல்லாவிட்டால் பாதி ஊர் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கும்.

கதவுக்குப் பூட்டு கிடையாது. யார் வேண்டுமானாலும் வந்து அடுப்பு மூட்டிக் குளிர்காயலாம். கிளம்பும்போது அடுத்தவனுக்கு விறகு வெட்டி வைக்க வேண்டும். தீப்பெட்டி எப்போதும் தகர டப்பாவில் இருக்கும். இதை மீறியவனோடு ஊரில் யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

ஒரு குளிர்காலத்தில் லியாண்டர் விறைத்துப்போய் வந்து கதவைத் திறந்தால், ஒரு சுள்ளிகூட இல்லை. கடைசியாகத் தங்கியவன் சிநேகிதன் செல்பி என்பது அவனுக்குத் தெரியும். டப்பாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து குதித்தான்.

"வெறகில்லாத அடுப்புக்குத் தீப்பெட்டி எதுக்கு? எவன் வந்தாலும் வெறைச்சுக் கெடக்கட்டும்!"

"வாயைக் கழுவுங்க," என்றாள் மனைவி ட்ரைஃபீனா. "மூச்சுத் திணறுன மகளை இழுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுன மனுஷன் வெறகா வெட்டிக்கிட்டு நிப்பாரு? டப்பாவைக் கொண்டுபோய் வச்சிட்டு வாங்க."

"நாளைக்குப் பாக்கலாம்." அந்த நாளை வரவே இல்லை.

அடுத்த வாரம் செல்பியின் மனைவி ட்ரூசில்லா மூச்சிரைக்க வந்தாள். "அண்ணே, பொண்ணு தேறிட்டா. 'லியாண்டரோட வெறகைத் திருப்பி வைக்காம எனக்குத் தூக்கம் வராது'ன்னு சொல்லிட்டு அவரு, சறுக்குவண்டி நெறைய ஏத்திக்கிட்டு நேத்து காலையில போனாரு. இன்னும் காணோம். குடிசையிலதான் இருப்பாரு, இல்ல? அங்க அடுப்பு இருக்கே."

லியாண்டர் அலமாரியிலிருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு சறுக்குவண்டியில் நாய்களைப் பூட்டி ஓட்டினான்.

குடிசையில் கூரைவரை விறகு அடுக்கியிருந்தது. அடுப்பின் முன்னால் செல்பி உட்கார்ந்தபடியே விறைத்துப் போயிருந்தான்; மூச்சில்லை. தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் பக்கத்து ஆற்றின் பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுந்திருக்க வேண்டும். மார்பு வரை உடுப்பு பலகையாய் உறைந்திருந்தது. அவனுடைய சொந்தத் தீப்பெட்டி கைக்குள் கூழாகிக் கிடந்தது. அடுப்பு நிறைய விறகு, அடியில் மெல்லிய மரச்சீவல். மூட்ட வேண்டியதுதான் பாக்கி.

பாவி லியாண்டர் ஒரு குச்சியை உரசினான். முதல் குச்சியிலேயே பிடித்துக்கொண்டது.

"டேய் செல்பி, பத்திக்கிச்சுடா," என்றான். "கிட்ட வாடா."