சொந்த வேர்

கனடாவில், மனிடோபா மாகாணத்தின் அந்தச் சின்ன ஊரில் ஒலேசியா டெம்சுக்கிடம் வாய் கொடுக்க யாருக்கும் துணிச்சல் கிடையாது. பனித்தரையில் கல்லை வழுக்கவிட்டு ஆடும் கர்லிங் அரங்கின் சமையலறை அவள் கையில் இருந்தது. அவளைப் பகைத்துக்கொண்டவன் தட்டில் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையான பெரோகி ஆறிப்போய்த்தான் விழும்.

வீட்டு முன்னால், சாலையை ஒட்டி, இளஞ்சிவப்பு ரோஜாப் புதர்களை வரிசையாக வைத்திருந்தாள். மற்றவர்கள் குளிருக்கு முன்பே தங்கள் ரோஜாக்களை வைக்கோல் போட்டு மூடுவார்கள். இவள் மூடமாட்டாள்.

"இந்த ஊர்ல எனக்கு யாரு போர்த்திவிட்டா? அதுவும் நிக்கட்டும்" என்பாள்.

ஊராட்சிக்கு அந்த ஓரம் தேவைப்பட்டது, பனியைத் தள்ளிக் குவிக்க. செடிகளை எடுத்துவிடச் சொன்னார்கள். "என் வேலிக்கு உள்ள இருக்கு. முடியாது" என்றாள். ஜனவரியில், பனி தள்ளும் வண்டியை ஓட்டும் வால்டர் ஃபேர் வேலியோடு சேர்த்துப் புதர்களையும் வழித்துக்கொண்டு போனான். தெரியாமல் நடந்ததாம்.

ஊரே அவள் அழுவாள் என்று காத்திருந்தது. அவள் புது வேலி போட்டாள்.

மே மாதம் அந்த ஓரத்தைச் சமன்செய்து மூட வால்டர் லாரி நிறைய சரளைக்கல்லோடு வந்தான். ஒலேசியா அந்த ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். காலடியில் சிவப்புத் துளிர்கள் மண்ணைப் பிளந்து நின்றன.

"எந்திரிங்கக்கா. அது ஒட்டுச்செடி. மேல போச்சுன்னா அடியிலேருந்து காட்டு முள்ளுதான் வரும்."

"ஒட்டுப்போட்டது உங்க வீட்டு ரோஜா. இது சொந்த வேருடா. வெட்ட வெட்ட இதேதான் வரும்."

"கல்லைக் கொட்டணுமே!"

"கொட்டேன். என் தலைமேல கொட்டு."

வால்டர் எஞ்சினை அணைத்தான், மறுபடி போட்டான், திரும்பிப் போனான். மறுநாளும் அவள் அங்கேயே இருந்தாள். கடைசியில் கல்லை அரங்கின் பின்பக்கம் கொட்டினார்கள்.

ஜூலையில் புதர்கள் முன்னைவிட அகலமாகப் பூத்தன. பக்கக் கன்றுகள் வேலிக்கு அடியில் புகுந்து ஊராட்சி நிலத்திலும் முளைத்தன. வால்டரின் மனைவி டினா தயங்கித் தயங்கி வந்து ஒரு கன்று கேட்டாள்.

"தாராளமா எடுத்துக்கோ. ஆனா உன் புருஷன் வந்து தோண்டட்டும்."

அவன் வந்தான். முள் குத்தக் குத்தத் தோண்டினான். ஒலேசியா இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேரு அறுந்திடாம எடுடா" என்றாள்.